‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ரிஃப்பில் எல்லோரும் செய்யும் தவறுகள்

கிட்டார் வாங்கிய முதல் வாரத்திலேயே பலர் வாசித்துப் பார்ப்பது டீப் பர்பிள் என்ற ராக் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ரிஃப்தான், அதாவது அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு. 1972இல் வந்த ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் உள்ள பாட்டு. மெட்டில் இருப்பது நான்கே சுரங்கள். எளிது என்று நினைத்து யாரும் இரண்டாவது தடவை உற்றுக் கேட்பதில்லை. அதனால் வருடக்கணக்காகத் தப்பாகவே வாசிப்பவர்கள் உண்டு.

முதல் தவறு, தடித்த ஆறாவது கம்பியில் பவர் கார்டாக (இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) வாசிப்பது. பவர் கார்டில் கீழே ஸ, மேலே ப. குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் வாசிப்பதோ அப்படியே தலைகீழ்: மேலே ஜி (G) சுரம், அதற்குக் கீழே டி (D). ஜியை ஸ என்று வைத்தால் கீழே ஒலிப்பது மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் ப. தம்புராவின் ப-ஸ மாதிரிதான். மெட்டு மேல் சுரத்தில் நடக்க, கீழ்ச் சுரம் அதே இடைவெளியில் கூடவே வருகிறது. அந்த ரிஃப்பின் வெறுமையான, இறுக்கமான ஒலி இதிலிருந்துதான் பிறக்கிறது. வாசிக்க வேண்டியது நான்காவது, மூன்றாவது கம்பிகளைச் சேர்த்து. ஃப்ரெட்கள் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0. இரண்டு கம்பியிலும் ஒரே ஃப்ரெட், 0 என்றால் விரல் வைக்காத கம்பி.

அடுத்தது பிக், கம்பியை மீட்டும் சிறு தகடு. பிக்கால் கீழ்நோக்கி அடித்தால் ஒரு கம்பி சற்று முந்தி ஒலிக்கும். பிளாக்மோர் பெரும்பாலும் விரல்களால் இரண்டு கம்பியையும் ஒரே நேரத்தில் இழுத்து விடுகிறார். ஒரு தடவை விரலால் இழுத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே காதில் விழும்.

இனி தாளம். என் கணிப்பில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். நான்கு நான்காக எண்ணுங்கள். 0, 3, 5 ஆகிய மூன்று ஃப்ரெட்களும் 1, 2, 3 என்ற எண்ணிக்கையின் மேல் நேராக விழும். அடுத்த 0 நான்கின் மேல் விழாது, நான்கைத் தாண்டி அரை இடத்தில் வரும். அப்புறம் 3ஆம் ஃப்ரெட் அடுத்த சுற்றின் 1க்குப் பின் அரை இடம், 6 வருவது 2க்குப் பின் அரை இடம். 5 வந்துதான் மறுபடி எண்ணிக்கையின் மேல் நேராக உட்காரும். மூன்றாம் சுற்றும் முதல் சுற்றைப் போலத் தொடங்கி, கடைசி 3, 0 இரண்டும் அரை இடத்தில் முடியும். இவற்றை நேராக்கிவிட்டால் சுரம் எல்லாம் சரியாக இருந்தும் ரிஃப் நடை தளர்ந்து போகும். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கையால் தாளம் போட்டு வாயால் பாடிப் பழகுங்கள். அது வந்தால் விரல் தானாக வரும்.

முதல் இரண்டு அடிகளை நீள விடுவதும் தவறு. அவை குட்டையாக வெட்டி நிற்க வேண்டும். திறந்த கம்பி தானாக நிற்காது, விரலால் தொட்டு அடக்க வேண்டும்.

டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் அமைப்பு) ஏகத்துக்கும் ஏற்றாதீர்கள். பதிவில் கேட்கும் கனம் முழுக்க கிட்டாருடையது இல்லை. குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக உறும விட்டு அதே ரிஃப்பை வாசிக்கிறார். பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் மட்டும் தனியாக வரும் சில வினாடிகள் இருக்கின்றன. அந்தத் துண்டைப் பாதி வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, உங்கள் வாசிப்பைப் போனில் பதிந்து பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.