ஆங்கிலப் பெயர்ச்சொல்: கடைசி 'எஸ்'ஸை அழித்தால் மட்டும் போதாது

15 ஆண்டுகளாக மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி எழுதி வந்த வேலை விண்ணப்பத்தில் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் சுருக்கென்றது. நானும் ஒரு காலத்தில் அதையே எழுதியவன். 'சைல்ட்ஸ்' போன்ற பிழைகளை இங்கே பேசப் போவதில்லை. அவை நாலு நாளில் தாமே திருந்திவிடும்.

ஐந்து வகையை ஒப்பிப்பதோடு நிறுத்திக்கொள்வது

பிராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட் என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். எழுத உட்கார்ந்தால் உதவுவது வேறொரு கேள்வி: இந்தப் பெயர் எண்ணக்கூடியதா, அதாவது ஒன்று, இரண்டு என்று சொல்லிப் பன்மையாக்கலாமா, இல்லையா? கண்ணுக்குத் தெரிவதை எண்ணலாம், கருத்தை எண்ண முடியாது என்று பலர் ஊகித்துக்கொள்கிறார்கள். அது தவறு. நாற்காலியும் மேசையுமாக எதிரே நிற்கும் 'ஃபர்னிச்சர்' எண்ண முடியாதது. தொட்டுப் பார்க்க முடியாத 'ஐடியா' எண்ணக்கூடியது.

எண்ண முடியாததை எண்ணுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் பிழை இதுதான். ஆசிரியனாவதற்கு முன் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தேன். இயந்திரங்கள் பற்றிய 60 பக்கக் கையேடு ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதியிருந்தேன். திருப்பி அனுப்பினார்கள். கணினியில் ஒரே கட்டளையில் எல்லா இடத்திலும் கடைசி 'எஸ்'ஸை நீக்கி அன்றே கொடுத்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் வந்தது. சிவப்பு மை முன்னைவிட அதிகம். சொல் திருந்தியிருந்தது, அதன் அக்கம்பக்கம் திருந்தவில்லை. முன்னால் 'தீஸ்', 'மெனி'. பின்னால் 'ஆர்'. அடுத்த வாக்கியத்தில் 'தே'. 'தீஸ்' என்பது 'திஸ்' ஆக வேண்டும். 'மெனி' 'மச்' ஆகவும், 'ஆர்' 'இஸ்' ஆகவும், 'தே' 'இட்' ஆகவும் மாற வேண்டும். இரவு முழுக்க வரி வரியாகத் திருத்தினேன். கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வேலை வரவே இல்லை.

இந்தப் பிழை தமிழ்ப் பழக்கத்திலிருந்து வருகிறது. தகவல்கள், அறிவுரைகள் என்று நாம் தாராளமாகக் 'கள்' சேர்க்கிறோம். 'ஒரு அறிவுரை' என்றும் சொல்கிறோம். அதனால் 'அட்வைசஸ்', 'ஆன் அட்வைஸ்' இரண்டுமே சரியென்று தோன்றிவிடுகின்றன. ஆனால் கடையில் யாரும் 'மூன்று அரிசி' கேட்பதில்லை. மூன்று படி அரிசி என்கிறோம். ஒரு குடம் தண்ணீர், ஒரு கை உப்பு. ஆங்கிலம் அட்வைஸையும் லக்கேஜையும் அந்த அரிசியோடு சேர்த்து வைத்திருக்கிறது. படிக்குப் பதில் அங்கே 'பீஸ்': 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீஸஸ் ஆஃப் லக்கேஜ்'. பன்மை படிக்குத்தான், அரிசிக்கு இல்லை.

ஒரு சொல்லுக்கு ஒரே வகை என்று நம்புவது

'பேப்பர்' எழுதும் தாளைக் குறித்தால் எண்ண முடியாது; நாளிதழைக் குறித்தால் எண்ணலாம். பணி அனுபவம் என்றால் 'எக்ஸ்பீரியன்ஸ்'. 'எக்ஸ்பீரியன்சஸ்' என்றால் வாழ்வில் நேர்ந்த நிகழ்வுகள். கணக்கெழுதும் வேலையில் தனக்கு 'மெனி எக்ஸ்பீரியன்சஸ்' என்றும் அந்த மாணவி எழுதியிருந்தார். படிக்கும் அதிகாரிக்கு அங்கே என்னென்னவோ நடந்திருக்கிறது என்றுதான் படும். கற்போருக்கான அகராதிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே 'சி' அல்லது 'யு' என்று குறித்திருப்பார்கள். 'சி' எண்ணக்கூடியது, 'யு' எண்ண முடியாதது.

'எஸ்'ஸில் முடிந்தால் பன்மை என்று நினைப்பது

'நியூஸ்' ஒருமை. ஆங்கில எழுத்தில் 'எஸ்'ஸில் முடியாத 'போலீஸ்' பன்மை.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'

ஃப்ரெண்ட்ஸ். எப்போதும்.

கிழமையையும் மாதத்தையும் சிறிய எழுத்தில் தொடங்குவது

இரண்டும் சிறப்புப் பெயர்கள். முதல் எழுத்து பெரியதாக இருக்க வேண்டும்.

அந்த மாணவி என் மேசையிலேயே உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திருத்தினார். 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்பதன் கடைசி எழுத்தை அடித்தார். பக்கத்திலிருந்த 'ஆர்' மேல் பேனா படாமல் அடுத்த வரிக்குப் போனது. நிறுத்தச் சொன்னேன்.