இறுகிப்போன பெசல்: என் அனுபவம்

என்னிடம் இருப்பது சீக்கோ 6309-7040. 150 மீட்டர் ஆழத்துக்கான டைவர் வாட்ச். வரிசை எண் 04 என்று தொடங்குகிறது. முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். அதாவது 1980 ஏப்ரல் மாதத்தில் செய்தது.

வாங்கியபோது பெசல், அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழலும் வளையம், அசையவே இல்லை, உப்பும் அழுக்கும் அப்படி இறுகியிருந்தன. கேஸ் (வாட்சின் உலோக உடல்) விளிம்பில் டேப் ஒட்டி, மெல்லிய கத்தியைச் சந்தில் நுழைத்து, சுற்றிச் சுற்றிக் கொஞ்சங்கொஞ்சமாக நெம்பினேன். அவசரப்பட்டால் கீறல் விழும். கழன்ற பெசலை மட்டும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். கேஸ் பள்ளத்தைத் தண்ணீர் படாமல் பல்குச்சியால் சுரண்டினேன். புது ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் தடவி அழுத்தினேன். இப்போது விரலுக்கு இசைந்து சுழல்கிறது.

இதற்குச் சாவி கொடுக்க முடியாது, கை அசைவில்தான் ஓடும். மஞ்சளேறிய டயல் புள்ளிகளை மாற்றச் சொன்னார்கள். மாற்ற மாட்டேன். அவ்வளவு அழகு!