ஒரு கருவியில் மட்டும் நெட் வரவில்லையா? எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்

நெட் வரவில்லை என்றதும் பலருடைய கை நேராக ரூட்டரின் சுவிட்சுக்குத்தான் போகும். வீட்டில் மற்றவர்கள் நிம்மதியாக வீடியோ பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் லேப்டாப்பில் மட்டும் நெட் இல்லை என்றால் அவசரப்பட்டு ரூட்டரை அணைக்காதீர்கள். அவர்கள் நெட்டும் போய்விடும், உங்கள் கோளாறு எங்கே என்பதும் தெரியாமல் போய்விடும்.

படி 1: ஒரு கருவியில் மட்டும்தானா?

இன்னொரு போனை எடுத்து, அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் இரண்டு மூன்று தளங்களைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வைஃபையில் நெட் இல்லையென்று தெரிந்தால் பல போன்கள் சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். வைஃபை நன்றாக இருக்கிறது என்று நாம் ஏமாந்துபோவோம். அந்தப் போனிலும் வரவில்லை என்றால் சந்தேகம் ரூட்டர் மேலும் இணைப்பு தரும் நிறுவனத்தின் மேலும் திரும்ப வேண்டும். அதில் வருகிறது என்றால் மேலே படியுங்கள்.

படி 2: உங்கள் கருவியை வேறு இணைப்பில் சேருங்கள்

போனில் மொபைல் டேட்டாவை மறுபடி போட்டு, ஹாட்ஸ்பாட்டை (போனின் டேட்டாவை மற்ற கருவிகளுக்கு வைஃபையாகத் தரும் வசதி) இயக்கி, தகராறு செய்யும் கருவியை அதில் இணையுங்கள். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். ஹாட்ஸ்பாட்டில் நெட் வந்தால் கருவி அநேகமாக நலம். அதற்கும் வீட்டு ரூட்டருக்கும் இடையில்தான் ஏதோ ஒத்துவரவில்லை. அதிலும் வரவில்லை என்றால் கோளாறு கருவிக்குள்ளேயே இருக்கிறது. அப்போது 5, 6-ஆம் படிகளை முதலில் பாருங்கள்.

படி 3: வைஃபையில் சேர்ந்திருக்கிறதா?

ஏரோபிளேன் மோட் அணைந்திருக்கிறதா, இணைந்திருப்பது உங்கள் வைஃபைதானா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகு இப்படி ஆனதென்றால், அந்த வைஃபை பெயரை அழுத்தி ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

பட்டியலில் உங்கள் வைஃபை பெயரே காணோம் என்றால் அலைவரிசையைக் கவனியுங்கள். ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டில் இயங்கும். பழைய போன்கள், ஸ்மார்ட் பல்புகள் பலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது. தெரிந்த கருவிகளுக்கும், இரண்டு சுவர் குறுக்கே வந்தால் 2.4-தான் கைகொடுக்கும்.

இந்த இடத்தில் கருவியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். விண்டோஸில் ‘ஷட் டவுன்’ போதாது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினி ஷட் டவுன் செய்தாலும் முழுதாகப் புதிதாகத் தொடங்காது. ‘ரீஸ்டார்ட்’தான் கொடுக்க வேண்டும்.

படி 4: ஐபி முகவரி

வைஃபை இணைந்திருக்கிறது, ஆனாலும் நெட் இல்லை. இங்கேதான் பலர் குழம்பிப்போவார்கள். இணைவது ஒன்று, முகவரி கிடைப்பது வேறொன்று. ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஒரு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், தர வேண்டும். வைஃபை செட்டிங்ஸில், இணைந்திருக்கும் வைஃபையின் விவரத்தைத் திறந்தால் அது தெரியும்.

அது 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் சரி. 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை, கருவி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அதை வைத்து வெளியே போக முடியாது. ஐபி அமைப்பு ‘ஆட்டோமேட்டிக்’ அல்லது ‘டிஹெச்சிபி’ (ரூட்டரே முகவரி தரும் முறை) என்று இருக்கிறதா பாருங்கள். யாராவது எப்போதோ கையால் எண் எழுதி வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிறகு வைஃபையை அணைத்துப் போடுங்கள். அப்போதும் 169.254 என்றே வந்தால் மட்டும் ரூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யலாம்.

ரூட்டர் உங்கள் கருவியைத் தடுத்திருக்கவும் கூடும். குழந்தைகளுக்காக நேரக் கட்டுப்பாடோ, மேக் முகவரி என்ற அடையாள எண்ணை வைத்துக் குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் மேக் ஃபில்டரோ ரூட்டரில் போட்டிருந்தால் கவனிக்க வேண்டிய விஷயம் இது: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. அனுமதித்த போனே ரூட்டருக்கு அந்நியமாகிவிடும். அந்த வைஃபைக்கு மட்டும் ‘பிரைவேட் அட்ரஸ்’ (ஆண்ட்ராய்டில் ‘ராண்டமைஸ்டு மேக்’) வசதியை அணைத்தால் தீர்ந்தது.

படி 5: டிஎன்எஸ், விபிஎன், கடிகாரம்

சில ஆப்கள் ஓடுகின்றன, பிரௌசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை, பிழைச் செய்தியில் டிஎன்எஸ் என்ற எழுத்துகள் தெரிகின்றன என்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் சேவைதான் பதில் சொல்லவில்லை. டிஎன்எஸ் இடத்தில் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ பகுதியையும் எட்டிப் பாருங்கள். விளம்பரத்தைத் தடுக்க எப்போதோ போட்ட முகவரி வேலை செய்யாமல் போனால், அந்தப் போனில் எதுவுமே திறக்காது.

நெட்டை இடையில் வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன், பிராக்ஸி இரண்டையும் அணைத்துச் சோதியுங்கள். எல்லாத் தளங்களும் ‘பாதுகாப்பற்றது’ என்று பயமுறுத்தினால் முதலில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. கருவியின் கடிகாரம் வருடம் தப்பி நின்றால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும்.

படி 6: நெட்வொர்க் ரீசெட்

இதைக் கடைசியாகவே செய்யுங்கள். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும் என்பதால் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படங்கள், கோப்புகள் எதுவும் அழியாது. போன்களிலும் விண்டோஸிலும் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் ‘ரீசெட்’ என்று தட்டினால் வழி கிடைக்கும். ஆனால் ‘ஃபேக்டரி ரீசெட்’ பக்கம் கை போய்விடக் கூடாது, அது வேறு!

அதற்கும் மசியாத லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்துப் பாருங்கள். கேபிளில் நெட் வந்து வைஃபையில் வரவில்லை என்றால் வைஃபை டிரைவரை (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் வைஃபை கார்டே பழுதாகியிருக்கலாம். யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும், லேப்டாப்பைப் பிரிக்க வேண்டியதில்லை.