எலிசபெத் பேட்ஸின் ஆட்டங்களை மகளோடு படிக்கும் விதம்

பெரியகல்லாறில் தையல்கடை வைத்திருக்கிறேன். சதுரங்கத்தில் மகள் என்னை மிஞ்சி இரண்டு வருடமாகிறது. பயிற்சிக்கு மட்டக்களப்புக்குப் போனால் அந்த நாளே பஸ்ஸில் கழிந்துவிடும். அதனால் வீட்டில் ஒரு வழி வைத்திருக்கிறோம். ஒரு ஆட்டக்காரியை எடுத்து, சிறுவயது ஆட்டத்திலிருந்து வரிசையாகப் படிப்பது.

நாங்கள் எடுத்தது ஜெர்மனியின் எலிசபெத் பேட்ஸ். 1985இல் ஏர்ஃபுர்ட்டில் பிறந்தவர். தகப்பனே கிராண்ட்மாஸ்டர், அதாவது சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டம் பெற்றவர், அந்த வசதி நம் பிள்ளைகளுக்கு இல்லை, சரி விடுங்கள். 14 வயதில், 1999இல், ஜெர்மன் பெண்கள் சாம்பியன். 2002இல் 18 வயதுக்குட்பட்ட பெண்களில் உலகச் சாம்பியன், 2005இல் ஜூனியர் பெண்களில் உலகச் சாம்பியன்.

போனில் பெயரைத் தேடினால் ஆட்டங்கள் கிடைக்கும். காலத்துக்கு ஒன்றாக எடுத்து, நகர்வுகளைக் கொப்பியில் கையால் எழுதுங்கள். தோற்ற ஆட்டமும் ஒன்றிரண்டு வேண்டும். பிறகு ஒரு மட்டையால் மறையுங்கள். புது சேட்டுக்குள் வருகிற மட்டை எங்களுக்குப் போதும். எதிராளியின் நகர்வு வந்தால் மட்டையைக் கீழே இறக்குங்கள். பேட்ஸின் முறை வந்தால் பிள்ளை யோசித்து, தன் நகர்வைப் பென்சிலால் எழுதட்டும். எழுதிய பிறகுதான் மட்டை நகர வேண்டும். கணினியின் கருத்தை ஆட்டம் முடியும்வரை திறக்கவே கூடாது.

ஒருநாள் மகள் யானையால் சிப்பாயை வெட்ட எழுதினாள். மட்டையை இறக்கினால், பேட்ஸ் ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தார். "ஏன் அப்பா?" என்றாள். எனக்கா தெரியும்? காஜா போட்டுக்கொண்டே "நீயே பார்" என்றேன். கறி ஆறிப்போகும்வரை பார்த்து, எதிராளியின் குதிரை எங்கிருந்து செக் வைக்கும் என்று கண்டுபிடித்தாள்.

நான் விட்ட பிழை, ஆரம்பத்தில் சரியான நகர்வுக்குப் புள்ளி போட்டது. புள்ளி குறைந்த நாளில் கொப்பியையே ஒளித்துவைத்தாள். புள்ளி போடாதீர்கள்.

2005க்குப் பிறகுள்ள ஆட்டங்களை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். கிராண்ட்மாஸ்டராக 2500 ரேட்டிங்கும் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) மூன்று நோர்மும் (ஒரு போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடியதற்கான தகுதி) வேண்டும். பேட்ஸுக்குப் பட்டம் வந்தது 2022இல், 37 வயதில். ஜெர்மன் பெண்களில் அவர்தான் முதலாவது. அந்த 17 வருடத்துக்குக் கொப்பியில் நிறையப் பக்கம் விடுங்கள்.

"ஓ.எல். வருது, போர்டை மூடி வை" என்று பெரியம்மா சொல்லத் தொடங்கிவிட்டா. மூடவில்லை. சோதனை முடியும்வரை சனிக்கிழமை இரவு ஒரு ஆட்டம் மட்டும் என்று வைத்திருக்கிறோம். இப்போது 2009இல் நிற்கிறோம்.