மணலியில் புகை எப்போது, எந்தப் பக்கமிருந்து வருகிறது? எக்செல்லில் நீங்களே கண்டுபிடிக்கலாம்

வடசென்னை மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. ராத்திரி முழுக்க நெடி தாங்கவில்லை என்று மக்கள் சொல்லும் நாளில்கூட, காற்றுத் தரக் குறியீடு ‘திருப்திகரம்’ என்று காட்டலாம். நுண்துகளுக்கும் கந்தக டை ஆக்சைடுக்கும் அந்தக் குறியீடு 24 மணி நேரச் சராசரியை எடுப்பதால், மூன்று மணி நேரப் புகை அதில் கரைந்துவிடும். அதனால் மணிவாரியாகப் பார்க்க வேண்டும்.

1. தரவை இறக்குங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் தொடர் கண்காணிப்பு நிலையங்களின் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. மணலி, மணலி கிராமம் என்று இரண்டு நிலையங்கள் உண்டு. பி.எம். 2.5 (நுண்துகள்), கந்தக டை ஆக்சைடு, காற்றின் வேகம், திசை ஆகியவற்றை ஒரு மணி நேரச் சராசரியாக எடுங்கள். ஒரு வருடத் தரவு இருந்தால் நல்லது, பருவத்துக்குப் பருவம் காற்று மாறும்.

2. சுத்தம் செய்யுங்கள். காலிக் கட்டங்களில் பூஜ்யம் போடாதீர்கள், காலியாகவே விடுங்கள். ஒரே எண் பல மணி நேரம் அப்படியே நின்றால் கருவி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம், நீக்கிவிடுங்கள். போகி, தீபாவளி நாட்களைத் தனியாக வையுங்கள்.

3. மணிவாரிச் சராசரி. எக்செல்லின் பிவட் டேபிளில் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) வரிசைக்கு மணி, மதிப்புக்குச் சராசரி. பின்னிரவில் மேடு தெரிந்தால் உடனே ஆலையைக் கைகாட்ட வேண்டாம். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து தேங்குவதால் எல்லாப் புகையும் கீழேயே நிற்கும்.

4. திசையைச் சேருங்கள். முக்கியமான வேலை இதுதான். பாகையில் தரப்படும் திசை எண், காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும்: 90 என்றால் கிழக்கிலிருந்து, அதாவது கடற்காற்று. திசைகளைச் சும்மா சராசரி எடுக்காதீர்கள். 350-உம் 10-உம் வடக்குதான், ஆனால் அவற்றின் சராசரி 180, நேர் தெற்கு! பதிலாக, எண்ணை 45-ஆல் வகுத்து அருகிலுள்ள முழு எண்ணாக்குங்கள் (ROUND), 8 வந்தால் 0 என்று மாற்றுங்கள். 0 வடக்கு, 2 கிழக்கு, 4 தெற்கு, 6 மேற்கு. வேகம் நொடிக்கு அரை மீட்டருக்குக் கீழே இருந்தால் திசையை நம்ப முடியாது, அந்த மணிகளை விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு திசைக்கும் கந்தக டை ஆக்சைடின் சராசரியைப் பாருங்கள். கந்தகமுள்ள எண்ணெயும் நிலக்கரியும் எரிவதால் வரும் வாயு இது. குப்பை எரிப்பு, சாலைத் தூசு எல்லாம் கலந்த பி.எம். 2.5-ஐவிட ஆலைப் புகைக்கு நல்ல தடயம்.

5. வரைபடத்தில் கோடு போடுங்கள். ஒரு நிலையம் பக்கத்தைத்தான் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. இரண்டு நிலையங்களிலிருந்தும் அதிக அளவு வந்த திசையில் கோடு இழுத்தால், அவை வெட்டும் சுற்றுவட்டாரத்தில் தேடலாம்.

புகார் எழுதும்போது ஒரு மணி நேர அளவைத் தேசியத் தரத்தோடு நேராக ஒப்பிடாதீர்கள். பி.எம். 2.5-க்கு 60, கந்தக டை ஆக்சைடுக்கு 80 என்று கன மீட்டருக்கு மைக்ரோகிராமில் சொல்லப்படுபவை 24 மணி நேர வரம்புகள். தேதி, மணி, திசை மூன்றையும் அட்டவணையாகவே இணைத்து, அந்த நேரத்துப் புகைபோக்கி அளவீட்டை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள்.