மஞ்சள் மீனை நம்பாதீர்கள்: ஸ்காட்லாந்தின் அபெர்டீனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இ-விசா கணக்கு, ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவு, வங்கிக் கணக்கு, கவுன்சில் டாக்ஸ். இதையெல்லாம் விலாவாரியாக எழுதி வைத்தவர்கள் ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்கள். வந்த வாரமே இந்த வேலைகளை ஆரம்பித்துவிடுங்கள், அவ்வளவுதான். பி.ஆர்.பி. என்ற பழைய குடியிருப்பு அனுமதி அட்டையை யாராவது கேட்டால் அது இப்போது கிடையாது, எல்லாம் ஆன்லைன்தான் என்று சொல்லுங்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு: ஆபீஸ்காரர்களை முதல்முறை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடும்போது மேசையில் முதலில் என்ன வைப்பது?

பிரியாணி இருக்கட்டும், அது பிறகு. இங்கே விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்கள். வந்ததும் கையில் ஒரு கோப்பையோடு அரை மணி நேரம் நின்றுகொண்டே பேசுவார்கள். அந்த அரை மணிக்குக் கொறிக்க ஏதாவது வேண்டும். ஃப்ரோஸன் சமோசாவைப் பொரித்து வைப்பதுதான் நம் ஆட்களின் வழக்கம். தூத்துக்குடிக்காரனாகச் சொல்கிறேன், பீட்டர்ஹெட் மாதிரி ஒரு மீன்பிடித் துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமோசா பொரிப்பது பாவம். புகைபோட்ட மீனை உதிர்த்து, க்ரீம் சீஸில் டிப்பாகப் பிசைந்து, ஓட்ஸ் பிஸ்கட்டான ஓட்கேக்கோடு வையுங்கள். அடுப்பே பற்ற வைக்க வேண்டாம்.

அடுப்பே வேண்டாம் என்ற இந்த இடத்தில்தான் என் நண்பன் மாட்டிக்கொண்டான். நாகர்கோவில் பையன், வேலைக்கு வந்த புதிது. டீம் லீடரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டிருந்தான். யாரோ கொடுத்த குறிப்பில் புகைபோட்ட மீன் என்று மட்டும் இருந்தது. கடையில் பளிச்சென்று மஞ்சளாக ஹேடக் என்ற கடல்மீன் துண்டுகள் இருந்தன. மஞ்சள் தடவிய மீன் என்றால் நமக்குக் கை தானாகப் போகும் அல்லவா? கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டிருக்கிறான்: “அப்படியே டிப்பில் போடலாமா?” அவரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஸ்மோக்டுதான், பிரச்சினை இல்லை” என்று பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அந்த மனிதர் மேல்தான்.

சாயங்காலம் ஃபோன் பண்ணினான். “அண்ணே, மீன் உதிரவே மாட்டேங்குது, ரப்பரா இழுக்குது. மிக்ஸில போட்டு அடிச்சிட்டேன்.” நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், இரவில்தான் குரல் செய்தியைக் கேட்டேன். அதற்குள் டீம் லீடர் ஒரு வாய் வைத்துவிட்டு, இந்த மீனை வேகவைத்தாயா என்று கேட்டிருக்கிறார். அவர் மனைவி அப்போது கர்ப்பிணி. அவரும் ஒரு ஓட்கேக் சாப்பிட்டு முடித்திருந்தார்.

மஞ்சள் ஹேடக் வேகாத பச்சை மீன். குளிர்ந்த புகையில், 30 டிகிரிக்கும் கீழே, மணிக்கணக்காக வைத்து எடுப்பது. வாசனை ஏறும், மீன் வேகாது. அந்த நிறமும் புகையால் வந்ததில்லை, பெரும்பாலும் சேர்த்த சாயம். சாயம் போடாத வெளிர் துண்டும் உண்டு, அதுவும் பச்சைதான். அபெர்டீனுக்குத் தெற்கே ஃபிண்டன் என்ற ஊரின் பெயரில் விற்கும் ஃபின்னன் ஹேடி, கிப்பர் என்ற ஹெரிங் மீன், எல்லாம் இதே கதை. சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். ஸ்மோக்டு சால்மனும் குளிர்ந்த புகைதான். அதை மட்டும் அப்படியே சாப்பிடுகிறார்கள், ஆனால் கர்ப்பிணிகள் அதைத் தொடக்கூடாது என்றுதான் இங்கே மருத்துவ அறிவுரை. காரணம் லிஸ்டீரியா. ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும் கிருமி அது. சாப்பிட்டுச் சில வாரங்கள் கழித்துக்கூட வேலையைக் காட்டும். அதனால் அந்த அம்மாவுக்கு பேறுகாலச் செவிலியான மிட்வைஃபோடு பேசியும் நிம்மதி இல்லை, இவனுக்கு ஆபீஸில் டீம் லீடர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் ஒன்றும் ஆகவில்லை, குழந்தை நல்லபடி பிறந்தது. ஆனாலும் அந்த வாரங்களில் பையன் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டான்.

நம் ஊர் மாசிக் கருவாட்டை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். மாசி வெந்து, புகையில் கிடந்து, வெயிலில் காய்ந்து கல்லாக வருவது. இங்கே புகை என்றால் பல சமயம் வெறும் வாசனை.

நீங்கள் வாங்க வேண்டியது சூடான புகையில் வெந்த மீன். சூப்பர்மார்க்கெட்டில் எளிதாகக் கிடைப்பது புகைபோட்ட கானாங்கெளுத்தி, அதாவது மேக்கரல். பாக்கெட்டில் ‘ரெடி டு ஈட்’ என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மீனையும் பார்க்கலாம். விரலால் அழுத்தினால் வெந்தது இதழ் இதழாகப் பிரியும், உள்ளே வெளிறிப்போய் இருக்கும். வேகாதது வழவழவென்று அமுங்கி மறுபடி எழும்பும்.

ஆனால் ஒரு சனிக்கிழமை ஒழிந்தால் ரயிலேறி ஆர்புரோத் என்ற கடலோர ஊருக்குப் போய்விடுங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம், பாதி வழி கடலோரம். அங்கே கிடைக்கும் ஸ்மோக்கியும் அதே ஹேடக்தான். தலையெடுத்து, உப்பிட்டு, இரண்டிரண்டாக வாலைக் கட்டிக் கம்பில் தொங்கவிட்டு, விறகுத் தீக்கு மேல் ஈரச் சாக்கால் மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் செம்பு நிறத்தில் வெந்து வந்துவிடும். பக்கத்துக் கிராமமான ஆக்மிதியில் தொடங்கிய வழக்கம். 2004 முதல் அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆர்புரோத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயர். சுடச்சுடத் தாளில் சுற்றிக் கொடுத்ததை நின்றபடியே தின்றுவிட்டு, எனக்குத் துறைமுகத்து ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

சரி, செய்முறை. ஒரு ஜோடி ஸ்மோக்கி ஆறு பேருக்குத் தாராளம். லேசாகச் சூடுகாட்டி, வயிற்றுப் பக்கம் விரித்து, தோல் மேலே வர வைத்து நடு முதுகில் அழுத்தினால் முள் மொத்தமாகக் கழன்று வரும். சின்ன முள்ளைக் கையால் தடவித்தான் எடுக்க வேண்டும். நமக்குப் பழக்கம், வெள்ளைக்காரர்களுக்கு ஒரு முள் வந்தால் விருந்தே நின்றுவிடும். மீன் ஆறியதும் ஒரு டப்பா க்ரீம் சீஸ், 180 கிராம் போதும், இரண்டு கரண்டி கெட்டித் தயிர், அரை எலுமிச்சைச் சாறு, அதன் தோல் துருவல், இடித்த மிளகு, ஒரு டீஸ்பூன் ஹார்ஸ்ரேடிஷ் சாஸ், நறுக்கிய வெங்காயத்தாள். கொழுப்பு குறைத்த சீஸ் வாங்காதீர்கள், எலுமிச்சை பட்டதும் நீர்த்துவிடும். முள்கரண்டியால் மட்டும் பிசையுங்கள். மிக்ஸியில் அடித்தால் கோந்து மாதிரி ஆகிவிடும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. மிளகாய்த்தூள் வேண்டவே வேண்டாம். கை அரித்தால் விதை நீக்கிய பச்சை மிளகாய் பாதி.

மஞ்சள் மீனை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தூக்கிப் போட வேண்டாம். பாலில் எட்டு, பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, இதழாக உதிர்ந்ததும் வடித்து ஆறவைத்துப் பிசையுங்கள். அந்தப் பாலில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டால் கல்லன் ஸ்கிங்க் சூப் பாதி தயார்.

கூப்பிடும்போதே ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள், இங்கே அது நாசூக்குக் குறைவில்லை. மீன், பால் இரண்டும் இதில் இருக்கின்றன, ஓட்கேக்கில் ஓட்ஸ். கர்ப்பிணி வருகிறார் என்றால் எந்தப் புகைமீன் டிப்பையும் அவர் பக்கம் வைக்காதீர்கள், அவருக்கு வேறு ஏதாவது செய்யுங்கள். சின்னக் கிண்ணத்தில் வைத்து, தீரத் தீர ஃப்ரிட்ஜிலிருந்து நிரப்புங்கள். இரண்டு மணி நேரம் வெளியே இருந்ததைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜிலேயே இருந்த மிச்சம் மறுநாள் காலை டோஸ்ட்டுக்கு ஆகும். ஃப்ரீஸரில் மட்டும் போடாதீர்கள், சீஸ் திரிந்துவிடும்.