‘ரைஸ்’ வழியாகத் தகலாகு கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலில் விளைந்து நிற்பதையும், மூட்டையில் கடைக்கு வருவதையும், தட்டில் ஆவி பறக்கப் பரிமாறுவதையும் ஆங்கிலம் ‘ரைஸ்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறது. பிலிப்பைன்சின் தகலாகு மொழியோ தமிழைப் போலவே நெல்லைப் ‘பாலய்’ என்றும், அரிசியைப் ‘பிகாஸ்’ என்றும், சோற்றைக் ‘கானின்’ என்றும் பிரித்துச் சொல்கிறது. ஆகவே தமிழருக்கு இதில் குழப்பமே வரக்கூடாது. ஆனால் ஆங்கில அகராதியை இடையில் வைத்துப் படிப்பதால் வந்துவிடுகிறது.

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எல்லா இடத்திலும் போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. சந்தையில் ஒரு கிலோ கானின் கேட்பது, நம் மளிகைக் கடையில் ஒரு கிலோ சோறு கேட்பதற்கு ஒப்பாகும். ‘கானின்’ என்பதே உண்பதைக் குறிக்கும் ‘காயின்’ என்ற வேரிலிருந்து பிறந்தது என்பதை நினைவில் வைத்தால் இந்தப் பிழை வராது. இடத்தைக் குறிக்கும் ‘அன்’ விகுதி சேரும்போது வயல் ‘பலாயன்’ ஆகிறது, அரிசிக் கடை ‘பிகாசன்’ ஆகிறது, சாப்பாட்டுக் கடை ‘கயீனன்’ ஆகிறது. மொழிபெயர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு: 1966-இல் ஐ.ஆர். 8 நெல் ரகத்தை வெளியிட்ட, பிலிப்பைன்சின் லாஸ் பாஞோசில் உள்ள பன்னாட்டு நிறுவனத்தை ‘அரிசி ஆராய்ச்சி நிறுவனம்’ என்பதைவிட ‘நெல் ஆராய்ச்சி நிறுவனம்’ என்பதே பொருத்தம்.

வினைச்சொல்லிலும் கவனம் தேவை. சமைப்பதற்குப் பொதுவாக ‘மக்லூத்தோ’ என்பார்கள். ஆனால் வீட்டில் சோறாக்கச் சொல்லும்போது, நாம் ‘உலை வை’ என்பதுபோல், ‘மக்சாயிங்’ என்பதே இயல்பாக வரும்.

தமிழறிவு கைகொடுக்காத இடமும் ஒன்று உண்டு. ‘பாஹாவ்’ என்ற சொல்லைப் ‘பழைய சோறு’ என்று பெயர்க்கத் தோன்றும். நேற்று மிஞ்சிய சோறு என்ற அளவில் அது சரிதான். ஆனால் பழைய சோறு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இரவு முழுவதும் தண்ணீரில் ஊறி, காலையில் மோரும் உப்பும் சேர்ந்து, சின்ன வெங்காயத்தோடு கரைத்துக் குடிக்கும் உணவு. பாஹாவில் நீர் ஊற்றுவதில்லை. ஆறி இறுகி உதிரியாய் இருக்கும் அந்தச் சோற்றைக் காலையில், எண்ணெயில் சிவக்க வதக்கிய பூண்டோடு கிளறினால் ‘சினங்காக்’ தயாராகிவிடும். எனவே ‘மீந்த சோறு’ என்று எழுதுவதே பாதுகாப்பானது.

இவற்றையெல்லாம் கற்றபின், மணிலா உணவகத்தில் ‘ரைஸ்’ என்று கேட்பவரைத் திருத்தப் புறப்பட வேண்டாம். வேண்டிய மட்டும் சோறு போடும் கடைகள் ‘அன்லி ரைஸ்’ (‘அன்லிமிடெட்’ என்பதன் சுருக்கம்) என்றே பலகை வைக்கின்றன. தகலாகு பேச்சில் கலந்துவிட்ட அந்த ‘ரைஸ்’, உணவகத்தில் சோற்றை மட்டுமே குறிக்கும்.